அரைச்சுற்றுக்காரரும் வெள்ளைப் புள்ளியும்

மெக்கானிக் டீ டம்ளரை எஞ்சின் மூடியின் மேல் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தால் டம்ளரைத் தொட மாட்டார். அலை அடங்கி, டீ கண்ணாடி மாதிரி நின்றால்தான் எடுத்துக் குடிப்பார். "முதல்ல இவரு ஒழுங்கா மூச்சு விடட்டும். அப்புறம் நம்ம தொண்டை நனையட்டும்" என்பார். 'இவர்' என்பது எஞ்சின். இந்த வழக்கத்தால் அவர் சுடச்சுட டீ குடித்த நாட்கள் குறைவு. எஞ்சின் மூடியின் தயவால் அடியோடு ஆறிய டீயைக் குடித்த நாட்களும் இல்லை.

வண்டிகளுக்கு அவர் கொடுக்கும் மரியாதை வண்டிக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை. "இவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல. அது தெரிஞ்சும் நீ எதுக்கு இவர இந்த விரட்டு விரட்டுன?" என்று ஒரு வங்கி மேலாளரையே நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். மேலாளர் மன்னிப்புக் கேட்டார். மெக்கானிக்கிடம் கேட்டாரா, வண்டியிடம் கேட்டாரா என்பது மட்டும் தெளிவாகவில்லை.

தெருவில் அவருக்கு அரைச்சுற்று என்று பெயர். எந்தக் கோளாறோடு யார் வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "அரைச் சுத்துதான், முடிஞ்சிரும்" என்று சொல்லிவிடுவார். ஒரு திருகைப் பாதி திருப்பினால் போதும் என்று அர்த்தம். அந்த அரைச்சுற்றுக்கு அரை நாள் ஆகும். சில சமயம் அரை வாரம். ஆனாலும் மனிதர் பொய் சொல்கிறவர் அல்லர். அரை வாரத்தின் முடிவில் அவர் கடைசியாகச் செய்யும் காரியம் உண்மையிலேயே ஏதோ ஒரு திருகை அரைச்சுற்று திருப்புவதாகத்தான் இருக்கும். அது எந்தத் திருகு என்று கண்டுபிடிக்கத்தான் மீதி நேரமெல்லாம்.

பட்டறை என்பது மூன்று சுவர், ஒரு தகரக் கூரை, ஓர் இரும்புக் கேட். கேட்டைத் தாண்டினால் நேரே பெரிய சாலை. உள்ளே ஒரு வண்டி நிற்கலாம்; இரண்டாவது வண்டி வந்தால் முதல் வண்டியின் சொந்தக்காரர் வெளியே நிற்க வேண்டும். வேலைக்கு அவர் ஒருவர்தான். கூடமாட ஆள் வைத்துக்கொள்ளும்படி பலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "அவன் முடுக்குன போல்ட்ட நான் மறுபடி முடுக்கணும். அதுக்கு நானே முடுக்கிட்டுப் போறேன்" என்பது பதில். அடுத்தவர் கைவேலையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வேறு பட்டறையில் பார்த்த வண்டி வந்தால், நல்லபடியாக இருக்கும் பாகத்தையும் ஒருமுறை கழற்றிப் பார்த்து, நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு மாட்டிவிடுவார்.

காதுதான் அவருடைய முதல் கருவி. நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். நாலு சிலிண்டர் எஞ்சின் அவருக்கு நாலு வீட்டுக் காம்பவுண்டு. "மூணாவது வீட்ல ஏதோ முணுமுணுப்பு" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் வால்வு தளர்ந்திருக்கும்.

இரண்டாவது கருவி, சட்டைப்பையில் இருக்கும் வெள்ளை நகப்பூச்சுக் குப்பி. சீக்கிரம் காயும், எண்ணெய் பட்டால் அழியாது, பிரஷ்ஷும் கூடவே வரும். முடுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அதால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்துவிட்டால் அந்த விவகாரம் முடிந்தது. "வெள்ளை வெச்சாச்சுன்னா யாரும் கை வெக்கக் கூடாது. நானும்தான்." சரியாக இருக்கிறதா என்று சந்தேகத்தில் மறுபடி மறுபடி முடுக்கித்தான் உலகத்தில் பாதி போல்ட்டுகள் உடைகின்றன என்பது அவர் கட்சி. ஆக, யாரையும் நம்பாத ஒருவர், நகப்பூச்சை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

அவருடைய மனைவிக்குப் பக்கத்துத் தெருவில் டிரைவிங் ஸ்கூல். ஊர் முழுக்க டீச்சர் என்றால் அவர்தான். ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு கார். காரில் டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பத்து வருடம் கார்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த பிறகும் காரை ஓட்டத் தெரியாமல் இருந்த ஓர் இளைஞர், வெட்கத்தோடு அந்த அறைக்குள் வந்து சேர்ந்த கதையைத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். முதல் டெஸ்டில் அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டின் மேல் மட்டுமல்லாமல் கோடு போட்டிருந்தவரின் சுண்ணாம்பு வாளியின் மேலும் வண்டியை ஏற்றிவிட்டார். இரண்டாவது டெஸ்டுக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. இருபத்தோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் பட்டறைக்குள் வண்டியைப் பின்னால் எடுத்தால் சுவரில் கொஞ்சம் காரை உதிரும். தன் காரை வெளியே ஓட்ட டீச்சர் அவரை விடுவதில்லை.

முதல் வருடச் சண்டைகளுக்குப் பிறகு இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டில் வண்டிப் பேச்சு கிடையாது. பட்டறைக்குள் அவர் மெக்கானிக், டீச்சர் கஸ்டமர். இதனால் பட்டறையில் டீச்சர் அவரை "மெக்கானிக் சார்" என்று அழைப்பார், நாக்கில் ஒரு துளி எலுமிச்சை விட்டுக்கொண்டு. மற்ற கஸ்டமர்களையெல்லாம் 'நீ' என்கிற மனிதர், இவரிடம் மட்டும் "சொல்லுங்க மேடம்" என்பார்.

டீச்சரின் காருக்கு இருபத்தைந்து வயது. போன மாதம் அதன் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்தது. பெட்ரோலைவிட எண்ணெய் அதிகம் குடித்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் இருமிக்கொண்டே திட்டினார்கள். அரைச்சுற்று பழைய இரும்புக் கிடங்குகளில் நாலு நாள் அலைந்து, அதே கம்பெனியின் வேறொரு மாடலிலிருந்து கழற்றிய எஞ்சின் ஒன்றைப் பிடித்தார். "அண்ணன் தம்பி இல்ல. ஆனா சித்தப்பா பையன். ரத்தம் ஒண்ணுதான்" என்று சொல்லி இறக்கினார். பொருந்தாத சில்லறைச் சாமான்களைப் பழைய எஞ்சினிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டினார். முக்கியமாக முன்பக்கம் பெல்ட் ஓடும் புல்லி. சித்தப்பா பையனின் புல்லி கொஞ்சம் குறுகல், பெல்ட் உட்காரவில்லை. பழைய புல்லியைப் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

சாவியைத் திருகினார். எஞ்சின் முதல் தடவையிலேயே எழுந்துகொண்டது. டீ டம்ளரை மேலே வைத்தார். டம்ளர் நடந்து போய்க் கீழே விழுந்தது.

ஐட்லிங் என்பார்கள். ஆக்சிலேட்டரில் கால் படாமல், நின்ற இடத்தில் எஞ்சின் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பது. அதுதான் வரவில்லை. சாலையில் மிதித்து ஓட்டினால், கொஞ்சம் சோம்பலாக, கொஞ்சம் சூடாக, எப்படியோ ஓடியது. காலை எடுத்தால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறி, இரண்டு தும்மல் தும்மி, நின்றுபோனது. தேர்ந்த டிரைவர் ஒரு காலால் ஆக்சிலேட்டரைத் தாலாட்டிக்கொண்டே சமாளித்துவிடலாம். கிளட்ச் எது, பிரேக் எது என்று காலால் தேடிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்?

அப்படித் தேடிக்கொண்டிருந்தவர் ஒரு நர்ஸ். எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. இரண்டு டெஸ்டில் தோற்றவர். முதல் முறை ஒரு கம்பத்தை உரசினார். இரண்டாம் முறை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது மூன்று தடவை வண்டியை அணைத்துவிட்டு, நாலாவது தடவை அழுதுவிட்டார். அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு புதிய வேலை உண்டாகியிருந்தது. பகல் வேலை. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் அது சிஸ்டருக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. "பத்தொம்பது வருசமா நைட் டியூட்டி டீச்சர். எல்லாரும் எந்திரிக்கும்போது நான் படுக்கப் போறேன். என் பொண்ணு வளந்ததையே நான் தூக்கக் கலக்கத்துலதான் பாத்தேன்" என்றார் ஒருநாள், கியரைத் தப்பாகப் போட்டுக்கொண்டே. மூன்றாவது டெஸ்ட் வரும் வியாழக்கிழமை. அதை விட்டால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்து. வேறு வண்டியில் போகலாம் என்றால் சிஸ்டர் மாட்டேன் என்றார். இந்த ஒரு கிளட்ச்சோடு பழகவே அவருக்கு நாலு மாதம் ஆகியிருந்தது.

"அரைச் சுத்துதான்" என்றார் மெக்கானிக். ஒன்பது நாள் ஆனது.

முதலில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிறகு கழுவியது போதாது என்று மறுபடி கழுவினார். எங்காவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறதோ என்று ரப்பர் குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்து, சந்தேகப்பட்ட நான்கை மாற்றினார். பிளக் புதிது. வயர் புதிது. வால்வு இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார். நாலு வீட்டிலும் அழுத்தம் ஒரே மாதிரி, சண்டை சச்சரவில்லாத காம்பவுண்டு. பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மாத்திரை சாப்பிடுவது போலச் சரிபார்த்தார். அது புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. டம்ளர்கள் உடைந்துகொண்டிருந்தன.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள். ஒன்பது நாளும் கத்தரிக்காய்தான்.

எதிர்த்த பட்டறைக்காரருக்கு நல்ல மனது. அதைவிட நல்ல ஸ்கேனர் ஒன்றும் இருந்தது. ஏழாம் நாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.

"அண்ணே, ஒரு தடவ சொருகிப் பாத்துரலாமா? நிமிசத்துல கோளாற எழுதிக் காட்டிரும்."

"எங்க சொருகுவ? இவரு உன் மிசினுக்கு முந்துன காலத்து ஆளு. ஓட்டையே கிடையாது."

"அப்ப நம்ம கடைக்கு அனுப்புங்களேன். புதுசா ஒருத்தர் பாத்தா எதாச்சும் கண்ணுல படும்."

"உன் கண்ணுல பட்டா, அப்புறம் உன் கைலயும் படுமே."

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த டீச்சர் இதைக் கேட்டார். புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் பட்டறைக்குள் வந்து, கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெக்கானிக் சார். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாகலேன்னா வண்டி எதிர்த்த கடைக்குப் போகும்."

அவர் குனிந்த தலை நிமிராமல், "இத வீட்லயே சொல்லிருக்கலாமே" என்றார்.

"வீட்ல வண்டிப் பேச்சு கிடையாது."

டீச்சர் போய்விட்டார். அவர் கொஞ்ச நேரம் திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு டீச்சர் சிஸ்டரை அழைத்துக்கொண்டு வந்தார். டெஸ்டுக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. வண்டி பட்டறையில் இருந்ததால் வகுப்பும் பட்டறைக்கு வந்துவிட்டது. சிஸ்டரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். "சொன்னா மட்டும் லேசா மிதிங்க" என்றார் டீச்சர். "ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியும் டீச்சர். அது வரைக்கும் கத்துக்கிட்டேன்" என்றார் சிஸ்டர். சொன்ன மாதிரியே சரியான பெடலில்தான் கால் வைத்தார். எஞ்சின் உதறியது. கண்ணாடிகள் உதறின. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிஸ்டரின் கைகளும் உதறின.

பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ள எஞ்சினில் ஒரு குடுவை உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர். அதைக் கையால் திருப்பலாம். அரைச்சுற்று வலது கையை அதன் மேல் வைத்திருந்தார். ஒன்பது நாள் களைப்பு. பொறி விழும் நேரத்தை அளக்கும் டைமிங் லைட்டைக் கையில் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காது போன போக்கில், குடுவையைக் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம்.

உதறல் நின்றது.

"அண்ணே! கை நடுக்கம் நின்னுருச்சு!" என்று உள்ளேயிருந்து சிஸ்டர் கத்தினார், தனக்கே ஏதோ குணமாகிவிட்டது போல.

அவர் கண்ணைத் திறந்தார். லைட்டை எடுத்து முன்பக்கப் புல்லியை நோக்கிப் பிடித்தார். அது வேலை செய்யும் விதம் எளிது. புல்லியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தின் அடையாளம். எதிரே எஞ்சின் உறையில் ஒரு முள்ளும், டிகிரிக் கோடுகளும். பொறி விழும்போதெல்லாம் லைட் மின்னும். மின்னும் கணத்தில் வெட்டு எந்தக் கோட்டுக்கு நேராகத் தெரிகிறதோ, அதுதான் கணக்கு. வெட்டு பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக அதன் மேல் வெள்ளை வைத்திருந்தார். அந்த வெள்ளை இப்போது கோடுகளையெல்லாம் தாண்டி எங்கோ நின்றது.

அவர் உச்சுக் கொட்டிவிட்டு, குடுவையைப் பழைய இடத்துக்கே திருப்பினார். உதறல் திரும்பி வந்தது.

"இப்ப எதுக்குத் திருப்புனீங்க?" என்றார் டீச்சர்.

"மார்க்குக்கு வரல மேடம்."

"வண்டி நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஓடும். புத்தகத்துல பத்து டிகிரி. அது இருபத்திரெண்டுல நிக்குது. அப்படியே விட்டா மேட்டுல ஏறும்போது எஞ்சினு தட்டும். பிஸ்டன் ஓட்டையாயிரும்."

"புத்தகம் யார் போட்டது?"

"கம்பெனிக்காரன்."

"அந்த மார்க்கு?"

"நான்தான். பாருங்க, வெள்ளை இருக்குல்ல?" வெள்ளை இருக்கிறது என்பதோடு விசாரணை முடிந்தது என்ற தோரணையில் அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப வெச்சீங்க?"

"அது ஆச்சு, ஆறு வருசம். இன்னும் அழியல பாத்தீங்களா?"

சிஸ்டர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, கேக்கலாமான்னு தெரியல. ஆறு வருசத்துக்கு முன்னாடி இந்த எஞ்சினே இங்க இல்லையே? போன வாரம்தானே மாத்துனீங்க?"

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"இல்ல, நாங்க ரத்தம் ஏத்தும்போது பாட்டில்ல எழுதியிருக்கறதும் கட்டில்ல இருக்கறவரும் ஒரே ஆள்தானான்னு ரெண்டு பேர் நின்னு படிப்போம். அதான் கேட்டேன். சீட்டு பழையவருது. படுத்திருக்கறது இவரு" என்றார் சிஸ்டர்.

புல்லி பழைய எஞ்சினுடையது. முள்ளும் கோடுகளும் புதிய எஞ்சினுடையவை. சித்தப்பா பையனுக்கு ரத்தம் ஒன்றாக இருக்கலாம். முள் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்தவர் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் சந்தேகப்பட்டவர், ஊரே மெச்சிய தன் காதையும் சந்தேகப்பட்டவர், ஒன்பது நாளில் பதினெட்டு முறை பார்த்த அந்தப் புள்ளியை மட்டும் கேள்வி கேட்கவில்லை. அதில்தான் கை வைக்கக் கூடாதே.

"வண்டிய அணைங்க சிஸ்டர்" என்றார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பழைய பிளக் ஒன்றை எடுத்து அதன் பீங்கானைச் சுத்தியால் தட்டி உதிர்த்தார். ஓடாகிப்போன பிளக்குக்குள் ஒரு நீள போல்ட்டை முறுக்கி ஏற்றினார். நாலு பிளக்குகளையும் கழற்றி, முதல் வீட்டின் ஓட்டையில் இதைத் திருகி வைத்தார். இப்போது பிஸ்டன் மேலே வந்தால், உச்சியைத் தொடும் முன்பே போல்ட்டில் முட்டி நிற்கும். பெரிய ஸ்பானரைப் புல்லியில் மாட்டிக் கையால் வலப்பக்கம் மெல்லச் சுற்றினார். டொக்.

"முள்ளுக்கு நேரா புல்லில ஒரு கோடு போடுங்க" என்றார். டீச்சரின் கைப்பையில் சாக்பீஸுக்குக் குறைவில்லை. கோடு விழுந்தது. இடப்பக்கம் சுற்றினார். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று போய் மறுபடி டொக். இன்னொரு கோடு.

"இந்தப் பக்கமும் முட்டுது, அந்தப் பக்கமும் முட்டுது. அப்ப உச்சி எங்க இருக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டார்.

"ரெண்டுக்கும் நட்ட நடுவுல" என்றார் டீச்சர். ரோட்டின் நடுக்கோட்டைப் பற்றி இருபத்தைந்து வருடமாகப் பேசுகிறவர்.

வளைந்த விளிம்பில் நடுவை எப்படி அளப்பது? சிஸ்டர் தன் பையைத் திறந்து, காயத்துக்கு ஒட்டும் பேப்பர் டேப்பை எடுத்தார். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை விளிம்போடு ஒட்டி, கச்சிதமாகக் கத்தரித்து, உரித்தெடுத்தார். ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சரிபாதியாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, பிரித்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. "குழந்தைங்க அசையும்போதே ஒட்டுவேன். இது அசையாம நிக்குது" என்றார்.

மடிப்பு விழுந்த இடத்துக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே ஒரு விரல் அகலம். அவர் தன் விரலையே வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு விரல். அந்த ஒரு விரல் கிட்டத்தட்டப் பன்னிரண்டு டிகிரி. பொறி பத்து டிகிரி முன்னதாக விழுகிறது என்று லைட் அடித்துச் சொன்ன நேரமெல்லாம், அது பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்த பிறகு சாவகாசமாக விழுந்துகொண்டிருந்தது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வரும் சாம்பார் மாதிரி.

மடிப்பின் மேல் அரத்தால் புதிதாக ஒரு வெட்டுப் போட்டார். பிறகு பெயிண்ட் கரைக்கும் தின்னர் பாட்டிலைத் திறந்து, துணி நுனியை நனைத்து, பழைய புள்ளியைத் தேய்த்தார். ஆறு வருடத்துப் புள்ளி, லேசில் போகவில்லை. அவர் வைத்த வெள்ளையை அவரே அழித்து யாரும் பார்த்ததில்லை. டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் ஒன்பது நாளுக்கான சரக்கு இருந்தது. இருபத்தோரு வருடத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபகாரங்களைப் பட்டியல் போட்டால் இதுவும் அதில் வரும்.

பிளக்குகளை மாட்டினார். எஞ்சினை எழுப்பினார். லைட்டைப் பிடித்து, புதிய வெட்டு பத்தாவது கோட்டில் வந்து நிற்கும்வரை குடுவையைத் திருப்பினார். அது நின்ற இடமும், கொஞ்ச நேரத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு காதால் பிடித்த இடமும் ஒன்றுதான். உதறலை மறைக்க ஒன்பது நாளாக ஏற்றி வைத்திருந்த ஐட்லிங் திருகு ஒன்று பாக்கி. அதை இறக்கினார். அரைச்சுற்று.

பட்டறைக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒரு முனகலில் நின்றது. டம்ளரை மூடியின் மேல் வைத்தார். மூன்று பேரும் குனிந்தார்கள். டீ அசையவில்லை. அதில் தகரக் கூரையின் ஓட்டைகூடத் தெரிந்தது.

"சொன்னேன்ல, அரைச் சுத்துதான்னு" என்றார் அவர்.

டீச்சர் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சர்க்கரை போதல, மெக்கானிக் சார்" என்றார்.

அன்று மாலை சிஸ்டர் அந்த வண்டியை மேட்டில் பதினான்கு தடவை நிறுத்தி எடுத்தார். நாலு தடவை அணைந்தது. நாலும் அவர் கால் செய்த வேலை, எஞ்சின் மேல் பழி இல்லை என்று டீச்சர் தீர்ப்பு வழங்கினார். எஞ்சின் தட்டவும் இல்லை. இரவுச் சாப்பாட்டில் கத்தரிக்காய் பற்றி யாரும் பேசவில்லை. வேறெதுவும் பேசவும் இல்லை. சாப்பிட்ட கையோடு இருவரும் தூங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. வண்டி இரவு பட்டறையிலேயே இருந்தது. சிஸ்டர் இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்போடு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் டீச்சர். "இந்த நிமிசத்துலேர்ந்து நான் உங்களுக்குத் தெரியாத ஆளு. என் பக்கம் திரும்பக் கூடாது. டெஸ்டுல நான் இருக்க மாட்டேன்" என்றார் டீச்சர், கைகளைக் கட்டிக்கொண்டு.

வண்டி கேட் வரைக்கும் ஒழுங்காக ஊர்ந்து வந்தது. அங்கே நின்றது. முன்னால் பெரிய சாலை. காலை நேரக் கூட்டம் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடைவெளி வந்தது, சிஸ்டர் யோசித்தார், அது போய்விட்டது. இன்னொன்று வந்தது, வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். போன வாரமாக இருந்தால் வண்டி இதற்குள் ஐந்து தடவை செத்திருக்கும். இப்போது அது காத்துக்கொண்டிருந்தது. கிளம்பத் தெரியாதவர் சிஸ்டர்தான். ஒன்பது மணிக்கு டெஸ்ட். டீச்சர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்குள்ளிருந்து அரைச்சுற்று இதைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரைத் தாண்டி, இரண்டு பக்கமும் பாராமல் நேராக நடந்து சாலையின் நடுவுக்குப் போனார். அங்கே நின்று, எண்ணெய்க் கறை படிந்த உள்ளங்கையை உயர்த்தினார்.

ஒரு பேருந்து கிரீச்சிட்டு, அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அதன் பின்னால் ஒரு லாரி, பள்ளிக்கூட வேன், இரண்டு ஆட்டோ. தன் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த எதிர்த்த கடைக்காரரும் பைக்கில் ஒரு காலை ஊன்றி நின்று, வாயைப் பிளந்தார். ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யோவ், உனக்கு என்ன பைத்தியமா? ரோடு உங்கப்பன் வீட்டுதா?" என்று கத்தினார்.

சிஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டரைப் போட்டார். கியரில் கை வைத்து, சரியான கியர்தானா என்று குனிந்து பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

அரைச்சுற்று பேருந்துக்குக் காட்டிய கையை இறக்கவில்லை. மற்றொரு கையைச் சிஸ்டரின் பக்கம் நீட்டி, தூங்கும் குழந்தையைத் தட்டுவது போல, மெதுவாக, மெதுவாக, காற்றில் தட்டிக்கொண்டே நின்றார்.